வீட்டுக்கு மூத்த பிள்ளை: தந்தை செல்வாவின் வாழ்வை நினைவுகூர்தல்

ஏப்ரல் மாதம் 26 ஆம் திகதி வரும்போதெல்லாம் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு அண்மையில் உயர்ந்து நிற்கும் நினைவுத் தூபியின் அடியில் மலர்மாலைகள் சாத்தப்படுவதும் நினைவுரைகள் நிகழ்த்தப்படுவதும் வழமை. 1977 ஆம் ஆண்டு அத்தினத்திலேயே சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம் காலமானார். அவர் அமைத்த கட்சி, அவர் கைச்சாத்திட்ட ஒப்பந்தங்கள், அவர் தலைமை தாங்கிய சத்தியாக்கிரகங்கள் ஆகியவை பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளன. ஆனால், இவற்றுக்கெல்லாம் முன்னரே தாயாருக்கு மூத்த பிள்ளையாகவும், ஆசிரியராகவும், புதுக்கடை நீதிமன்றங்களில் உழைத்த அப்புக்காத்தாகவும், ஐந்து பிள்ளைகளின் தகப்பனாகவும் வாழ்ந்த மனிதரைப் பற்றி நாம் பேசுவது குறைவு. மக்கள் அவருக்கு வழங்கிய தந்தை என்னும் பெயரின் பொருளை அறிய வேண்டுமாயின், அந்த மனிதரிடமிருந்தே தொடங்க வேண்டும்.

செல்வநாயகம் 1898 மார்ச் 31 ஆம் திகதி மலாயாவின் ஈப்போ நகரில் பிறந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிழைப்புத் தேடி மலாயா சென்ற யாழ்ப்பாணத்தவர் பலருள் அவரது தந்தையார் வேலுப்பிள்ளையும் ஒருவர். பிள்ளைகளின் படிப்பைக் கருதித் தாயார் அன்னம்மா அவர்களை அழைத்துக்கொண்டு தெல்லிப்பழைக்குத் திரும்பியபோது மூத்தவருக்கு வயது நான்கு. தகப்பனார் கடலுக்கு அப்பால் உழைத்துக்கொண்டிருக்க, தாயார் ஊரில் பிள்ளைகளை வளர்த்தெடுத்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு இது பழக்கமான வாழ்க்கை முறையே. அன்று மலாயாவிலிருந்தும், பின்னர் கொழும்பிலிருந்தும், இன்று கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வரும் பணத்தில் இயங்கும் வீடுகளில் மூத்த பிள்ளையின் தோளில் சுமை சற்று முன்கூட்டியே ஏறிவிடுவதுண்டு. செல்வநாயகத்தின் தோளிலும் அது ஏறியது.

தெல்லிப்பழை யூனியன் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரியிலும் பயின்ற அவர், பின்னர் கொழும்பு புனித தோமஸ் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரி 1918 இலேயே கல்கிசைக்கு இடம் பெயர்ந்தது. அவர் பயின்ற காலத்தில் அது கொட்டாஞ்சேனைக்கு வடக்கே, துறைமுகத்தை அண்டிய முகத்துவாரத்தில் இருந்தது. ஆகவே, தெல்லிப்பழைச் சிறுவன் முதன்முதலில் கண்ட கொழும்பு, தேவாலய மணியோசையும் கோயில் மணியோசையும் கலந்து ஒலிக்கும் வடகொழும்பு ஆகும். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர், மலாயர் என்று எல்லாரும் ஒரே வீதியில் நடமாடிய பகுதி அது. பிற்காலத்தில் பிரதமராகி அவரோடு ஒப்பந்தம் செய்யவிருந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்காவும் அதே கல்லூரியின் மாணவராக இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

1917 இல், பத்தொன்பது வயதில், இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தை வெளிவாரி மாணவராகப் பெற்றார். பின்னர் தாம் படித்த கல்லூரியிலேயே ஆசிரியரானார். அக்காலத்தில் அது எளிதில் வாய்க்காத பதவி. இளம் பட்டதாரி ஒருவருக்கு மதிப்பும் நிரந்தர வருவாயும் தரவல்லது. அவ்வேளையில் அவரது தம்பியார் கடும் நோயுற்றார். தம்பியைச் சென்று பார்ப்பதற்கு விடுமுறை கோரியபோது அது மறுக்கப்பட்டது. செல்வநாயகம் பதவியைத் துறந்துவிட்டுத் தம்பியிடம் சென்றார்.

இச்சம்பவம் அவரது வாழ்க்கை வரலாற்றில் ஓரிரு வரிகளிலேயே இடம்பெறுவது வழக்கம். எனினும், பின்னாளைய மனிதரை விளங்கிக்கொள்ள இதனைவிடச் சிறந்த சான்று வேறு இல்லை எனலாம். அவருக்கு அப்போது சொத்தும் இல்லை, செல்வாக்கும் இல்லை. கையில் இருந்தது வேலை ஒன்றுதான். உறவின் கடமைக்கும் அந்த வேலைக்கும் இடையே ஒன்றைத் தெரிவு செய்ய நேர்ந்தபோது, கோபக் குரல் எழுப்பாமலும் தயக்கம் காட்டாமலும் வேலையை விட்டார். மூன்று தசாப்தங்களின் பின்னர், கட்சியின் பெரும்பான்மையினரும் தலைவரும் அமைச்சுப் பதவியை நோக்கிச் சென்றபோது அவர் எடுத்த முடிவும் இதே இயல்புடையதாகவே இருந்தது.

அடுத்து வெஸ்லிக் கல்லூரி அவரை விஞ்ஞான ஆசிரியராக ஏற்றுக்கொண்டது. பகலில் கற்பித்தலும் மற்றைய வேளைகளில் சட்டம் படித்தலுமாக அக்காலம் கழிந்தது. 1920 களின் முற்பகுதியில் அவர் அப்புக்காத்தாக வெளியேறிப் புதுக்கடையில் தொழிலைத் தொடங்கினார். நீதிமன்றத்தில் முழங்கிப் பெயரெடுத்தவர் அல்லர் அவர். மெலிந்த உடல், மென்மையான குரல், பிற்காலத்தில் செவிப்புலக் குறைபாடு என்று பேச்சாளருக்கு வேண்டிய எந்தத் தகுதியும் அவருக்கு வாய்க்கவில்லை. அவரது பலம் சிவில் வழக்குகளில் இருந்தது. ஆவணங்களைப் பொறுமையாகப் படிப்பதும், வழக்கின் மூலப் பிரச்சினையைக் கண்டறிந்து எழுத்தில் செப்பமாக வரைவதும் அவருக்குக் கைவந்த கலை. காணி, முதுசொம், கடன், வணிகம் ஆகியவை சார்ந்த வழக்குகளே சிவில் வழக்கறிஞரின் அன்றாடம். குடும்பங்கள் எதனால் உடைகின்றன, எதனால் மீண்டும் சேர்கின்றன என்பதை ஓர் அப்புக்காத்து அறிவதுபோல் வேறெவரும் அறிவதில்லை. காலப்போக்கில் நாட்டின் முன்னணிச் சிவில் சட்டத்தரணிகளுள் ஒருவராக மதிக்கப்பட்டு, இராணி அப்புக்காத்து என்னும் தகைமையையும் அவர் பெற்றார்.

1927 இல் தெல்லிப்பழை மணியகாரர் பார் குமாரகுலசிங்கத்தின் மகள் எமிலி கிரேஸை மணந்தார். நான்கு ஆண் பிள்ளைகளும் ஒரு பெண் பிள்ளையும் பிறந்தனர். கொள்ளுப்பிட்டி அல்பிரட் ஹவுஸ் தோட்டப் பகுதியில் குடும்பத்தின் இல்லம் அமைந்தது. அரசியலில் இறங்கும்வரை இருபது ஆண்டுகளுக்கு மேல் அவரது வாழ்க்கை, புதுக்கடைக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் இடையே, வழக்குக் கட்டுகளுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் இடையே ஓடியது. தொழிலில் ஈட்டிய பொருளே பிற்காலத்தில் அவரது அரசியலுக்கும் காப்பரணாக அமைந்தது. அரசியலைப் பிழைப்பாகக் கொள்ளாதவரைப் பதவி காட்டியோ பணம் காட்டியோ அசைக்க முடியாது. முதலில் உழைப்பு, பிறகு பொதுப்பணி என்ற ஒழுங்கை அவர் எங்கும் பிரகடனம் செய்யவில்லை, அவ்வாறு வாழ்ந்தார்.

அக்காலக் கொழும்புத் தமிழர் வாழ்வையும் இவ்விடத்தில் நினைத்துப் பார்த்தல் வேண்டும். 1905 இல் வடபகுதி ரயில் பாதை காங்கேசன்துறை வரை முழுமை பெற்றதன் பின்னர், படித்த இளைஞர்கள் அரச சேவையையும் வர்த்தக நிறுவனங்களையும் நாடித் தலைநகருக்கு வந்த வண்ணம் இருந்தனர். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் சமறி எனப்பட்ட கூட்டு விடுதிகளில் ஒன்றாய்ச் சமைத்து உண்டனர். மாத முடிவில் மணியோடர் ஊருக்குப் போகும். தங்கையின் சீதனமும் தம்பியின் பள்ளிக் கட்டணமும் அதில்தான் அடங்கியிருக்கும். நாள் செல்லச் செல்ல ஒரு வாடகை வீடு, பின்பு மனைவி மக்கள், பின்பு சொந்தமாக ஒரு துண்டு நிலம். ஆரவாரமற்ற இந்த உழைப்பாளர்களின் உலகத்திலிருந்தே செல்வநாயகமும் வந்தார். அவர் அவர்களைவிட உயரத்துக்குச் சென்றார் என்பது உண்மை. ஆயினும், வந்த வழி ஒன்றே.

1947 பொதுத் தேர்தலில் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸின் வேட்பாளராகக் காங்கேசன்துறைத் தொகுதியில் வெற்றி பெற்றுப் பாராளுமன்றம் சென்றார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்பது. மறுவருடம் நிறைவேற்றப்பட்ட பிரஜாவுரிமைச் சட்டம், தலைமுறை தலைமுறையாகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த இலட்சக்கணக்கான இந்திய வம்சாவளித் தமிழரை நாடற்றவர்களாக்கியது. கட்சித் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம் அரசாங்கத்தில் சேர்ந்து அமைச்சரானார். செல்வநாயகம் சேர மறுத்து வெளியேறினார். சி. வன்னியசிங்கம், வைத்தியர் ஈ.எம்.வி. நாகநாதன் ஆகியோருடன் இணைந்து 1949 டிசம்பர் 18 ஆம் திகதி இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடக்கினார்.

அக்கட்சியின் அங்குரார்ப்பணக் கூட்டம் நடைபெற்ற இடம், மருதானையில் இருந்த அரசாங்க எழுதுவினைஞர் சங்க மண்டபமாகும். தமிழரின் அரசியல் வரலாற்றில் ஒரு நீண்ட அத்தியாயம், கொழும்பில், எழுதுவினைஞர்களின் கூரையின்கீழ் தொடங்கியது என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். ஆனால், அது பொருத்தமான இடமே. அடுத்துவந்த ஆண்டுகளில் முதல் அடி விழுந்ததும் அந்த எழுதுவினைஞர்களின் மேசைகள்மீதுதான்.

1956 ஜூன் 5 ஆம் திகதி தனிச்சிங்களச் சட்டமூலம் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டது. அன்று செல்வநாயகத்தின் தலைமையில் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் காடையரால் தாக்கப்பட்டனர். சட்டத்தின் உண்மையான கனம் பின்னரே வீடுகளுக்குள் தெரிந்தது. சிங்களத் தேர்ச்சி பெறாத அரச ஊழியரின் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. கோடீஸ்வரன் என்னும் தமிழ் அரச ஊழியர் இதனை எதிர்த்து 1962 இல் தொடுத்த வழக்கு, 1969 இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. மேடைகளில் மொழியுரிமை என்று பேசப்பட்டது, வெள்ளவத்தையின் வாடகை வீட்டில் மாதச் சம்பளமாகவும் பிள்ளையின் படிப்பாகவும் இருந்தது. செல்வநாயகத்தின் அரசியலைக் கனவுலக அரசியல் என்று பரிகசித்தோர் இருந்தனர். உண்மையில் அவர் எடுத்துக்கொண்ட விடயங்கள் யாவும் வீட்டு விடயங்களே. தொழிலாளியின் குடியுரிமை, ஊழியரின் வேலை, விவசாயியின் நிலம், பிள்ளையின் பள்ளிக்கூட மொழி ஆகியவை இல்லாமல் எந்தக் குடும்பமும் நிலைக்காது.

1957 ஜூலை 26 ஆம் திகதி பண்டாரநாயக்காவுடன் அவர் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் பிரதேச சபைகளையும், வடக்கு கிழக்கு நிர்வாகத்தில் தமிழ் மொழியையும் ஏற்றுக்கொண்டது. 1958 ஏப்ரல் 9 ஆம் திகதி, எதிர்ப்புக்குப் பணிந்து, பிரதமர் அதனைக் கைவிட்டார். அடுத்த மாதமே இனக்கலவரம் மூண்டது. கொழும்பில் வீடிழந்த தமிழர்கள் அகதி முகாம்களில் தங்கவைக்கப்பட்டுப் பின்னர் கப்பல்களில் வடக்கே அனுப்பப்பட்டனர். பல வருட உழைப்பு ஓர் இரவில் எரிந்ததை அக்குடும்பங்கள் கண்டன. செல்வநாயகம் உள்ளிட்ட கட்சித் தலைவர்கள் அவ்வருடம் ஜூன் மாதம் காவலில் வைக்கப்பட்டனர். 1961 இல் யாழ்ப்பாணக் கச்சேரி முன்பாகத் தொடங்கிய சத்தியாக்கிரகத்தின் முடிவிலும் அவர்கள் தடுத்து வைக்கப்பட்டார்கள். 1965 மார்ச் 24 ஆம் திகதி டட்லி சேனநாயக்காவுடன் செய்த ஒப்பந்தமும் நிறைவேறவில்லை.

இந்நாள்களிலெல்லாம் அவரது உடல் அவரோடு ஒத்துழைக்கவில்லை. பார்க்கின்சன் நோய் அவரை மெல்ல மெல்லப் பீடித்தது. சிகிச்சைக்காகப் பிரித்தானியா சென்று வந்தார். கை நடுங்கியது, நடை தளர்ந்தது, ஏற்கெனவே தாழ்ந்திருந்த குரல் மேலும் தாழ்ந்தது. இவ்வளவு தளர்ந்த உடலை வைத்துக்கொண்டு ஒருவர் ஒரு மக்கள் கூட்டத்தின் தலைவராக இரு தசாப்தங்களுக்கும் மேல் நிலைக்க முடிந்தது எவ்வாறு என்ற கேள்வி எழுகின்றது. சொன்னதைச் செய்வார், சொந்த நன்மைக்காக எதையும் செய்யமாட்டார் என்ற நம்பிக்கையே அதற்குக் காரணம். 1952 தேர்தலில் அவர் கிறிஸ்தவர் என்பது அவருக்கு எதிராகப் பேசப்பட்டது, தோற்றார். மதத்தையும் மாற்றவில்லை, தொகுதியையும் மாற்றவில்லை. இந்துக்களே பெரும்பான்மையாக வாழும் அதே காங்கேசன்துறை மக்கள் 1956 முதல் எல்லாத் தேர்தல்களிலும் அவரைத் தெரிவு செய்தனர். வேட்டியுடன் தேவாலயம் சென்ற அந்த மனிதரைத் தங்கள் வீட்டுப் பெரியவராக அவர்கள் ஏற்றுக்கொண்டனர்.

1972 குடியரசு யாப்பை ஏற்க மறுத்து அவர் தமது ஆசனத்தைத் துறந்தார். இடைத்தேர்தல் இரண்டு வருடங்களுக்கு மேல் ஒத்திவைக்கப்பட்டு 1975 பெப்ரவரி 6 ஆம் திகதியே நடைபெற்றது. 16 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்குகளால் வென்றபோது அவருக்கு எழுபத்தேழாவது வயது நடந்துகொண்டிருந்தது. 1976 மே மாதம் வட்டுக்கோட்டையில் தனியரசுத் தீர்மானம் நிறைவேறியது. அதன் பின்னர் கைதான அமிர்தலிங்கம் முதலானோர் விசேட நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டபோது, அவர்களுக்காக வாதாட வந்த சட்டத்தரணிகளுள் நீண்டகால அரசியல் எதிரிகளான பொன்னம்பலமும் செல்வநாயகமும் ஒருங்கே இருந்தனர். உழைக்கத் தொடங்கிய தொழிலுக்கே, நடுங்கும் கைகளோடு, அவர் கடைசியாகத் திரும்பி வந்தார். மறுவருடம் இரண்டரை மாத இடைவெளியில் இருவரும் மறைந்தனர்.

அவரைப் போற்றுவோர் அவரது குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. எழுதிக் கைச்சாத்திட்ட தாளுக்கு எதிர்த்தரப்பும் கட்டுப்படும் என்று சிவில் வழக்கறிஞருக்குரிய நம்பிக்கையுடன் அவர் இரண்டு தடவை இருந்தார். இரண்டு தடவையும் ஏமாற்றப்பட்டார். தமிழ்ச் சமூகத்தின் உள்ளே இருந்த சாதி ஒடுக்குமுறையை அவரது கட்சி போதிய வேகத்துடன் எதிர்கொள்ளவில்லை என்று இடதுசாரிகள் சுமத்திய குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. வட்டுக்கோட்டைத் தீர்மானம் இளைய தலைமுறையிடம் ஒரு பெரும் இலக்கை ஒப்படைத்தது. அதனை அடையும் வழியை அது காட்டவில்லை. அந்த இடைவெளியில் என்ன நிகழ்ந்தது என்பதைப் பின்வந்த முப்பது வருடங்கள் காட்டின. பிள்ளைகளுக்கு முதுசொம் விட்டுச் செல்லும் தகப்பன் சில வேளைகளில் தீராத வழக்கையும் சேர்த்தே விட்டுச் செல்கின்றான். தந்தை என்ற பெயருக்குள் இந்தப் பொறுப்பும் அடங்கும்.

அவரது சொந்தப் பிள்ளைகளின் வாழ்வும் இந்நாட்டின் கதையிலிருந்து தப்பவில்லை. மகன் சந்திரகாசன், 1983 இன் பின்னர் தமிழகம் சென்ற அகதிகளுக்காகச் சென்னையில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை அமைத்தார். முகாம் பிள்ளைகளின் கல்வியில் அக்கழகம் தனிக்கவனம் செலுத்தியது. பிள்ளைகளின் படிப்புக்காக ஈப்போவிலிருந்து கப்பலேறிய பாட்டியாரின் எண்ணம் பேரனிடமும் தொடர்ந்தது எனலாம். மகள் சுசிலாவின் கணவரான அரசியல் அறிஞர் ஏ. ஜெயரத்தினம் வில்சன், மாமனாரின் வாழ்வை ஆராய்ந்து எழுதிய நூல் 1994 இல் வெளிவந்தது. அப்போது வில்சன் கனடாவில் வாழ்ந்தார். ஒரு குடும்பம் மலாயாவிலிருந்து யாழ்ப்பாணம், கொழும்பு என்று வந்து, பின்னர் மீண்டும் கடல் கடந்து சிதறியது. எத்தனை தமிழ்க் குடும்பங்களின் கதை இது!

தெல்லிப்பழையும் காங்கேசன்துறையும் 1990 இல் வெறிச்சோடின. மக்கள் இடம்பெயர்ந்தனர், சிறுவயதில் அவர் கண்ட ரயில் பாதையும் மூடப்பட்டது. 2015 ஜனவரியிலேயே காங்கேசன்துறைக்கு மீண்டும் ரயில் ஓடியது. கொழும்பிலோ, செல்வநாயகம் மறைந்து முப்பது வருடங்களின் பின்னர், 2007 ஜூன் 7 ஆம் திகதி, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் விடியற்காலையில் எழுப்பப்பட்டுப் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வெளியேற்றப்பட்டனர். மருத்துவத்துக்காகவும் வேலைக்காகவும் வெளிநாட்டுப் பயண அலுவல்களுக்காகவும் வந்து தங்கும் விடுதிகள் அவை. மறுநாளே உயர் நீதிமன்றம் வெளியேற்றத்தைத் தடுத்து இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. பின்னர் அன்றைய பிரதமரும் வருத்தம் தெரிவித்தார். எனினும், ஒரு கேள்வி பதிலின்றி எஞ்சியது. தலைநகரில் உழைக்க வந்தவனும், நோயாளித் தாயை வைத்தியரிடம் காட்ட வந்தவனும், தான் அங்கே இருப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டிய நிலை ஏன் வருகின்றது?

செல்வநாயகத்தின் நீண்ட பொதுவாழ்வின் சாரம் இக்கேள்வியே. நோயுற்ற தம்பியைப் பார்ப்பதற்கு ஒருவன் தன் வேலையை இழக்க வேண்டியிராத வாழ்வு, தாய்மொழியில் பேசுவதற்கு ஓர் ஊழியன் தன் சம்பளத்தைப் பணயம் வைக்க வேண்டியிராத வாழ்வு, கட்டிய வீட்டில் அச்சமின்றி உறங்கும் வாழ்வு ஆகியவற்றையே அவர் நாடினார். சட்டப் புத்தகங்களின் மொழியில் அதற்குச் சமஷ்டி என்றும் சுயாட்சி என்றும் பெயர்கள் உண்டு. ஆனால், எழுபத்தொன்பது வருடங்கள் நேர்மையாக உழைத்துக் குடும்பம் நடத்திய மனிதர் ஒருவர், தம் வீட்டுக்கு விரும்பியதையே எல்லா வீடுகளுக்கும் கேட்டார் என்பதே அதன் எளிய விளக்கம்.

நினைவுத் தூபிக்கு மாலை சாத்துவது தகும். அத்துடன், அரசியலுக்கு வருமுன் உழைத்துச் சம்பாதிக்கவும், அரசியலுக்கு வந்தபின் சம்பாதிக்காதிருக்கவும் நம் பிரதிநிதிகள் அவரிடம் கற்றுக்கொள்வார்களாயின், அந்த மூத்த பிள்ளைக்கு நாம் செலுத்த வேண்டிய கடனில் ஒரு பகுதியேனும் தீரும்.